நம்மைச் சுமக்கும் பாதங்கள்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் குருவானவர் முழந்தாளிட்டுப் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். 2016-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அளித்த அனுமதிக்குப் பின் பெண்களும் சிறுமியரும் அந்த வரிசையில் அமரலாயினர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முதல் நாளே தம் பாதங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொள்வதும் நாம் அறிந்ததே. பிறர் பார்க்கப் போகிறார்கள் என்றால் மட்டும் நாம் நம் பாதங்களைப் பார்க்கிறோம். மற்ற நாட்களில்? முகத்துக்கு நாளொன்றுக்குப் பத்து முறை கண்ணாடி பார்க்கும் நாம், பாதத்தை வாரத்துக்கு ஒரு முறையேனும் குனிந்து பார்க்கிறோமா?

நம் பள்ளி நலவாழ்வு மன்றத்தினராகிய நாங்கள் இவ்வாண்டு பாதங்களைப் பற்றிப் படித்தோம். படித்தவற்றுள் பயனுள்ளவற்றை மாணவியருக்கும் பெற்றோருக்கும் அருட்சகோதரிகளுக்கும் இங்கே தருகிறோம். எந்தத் தொல்லையை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதத்தின் அமைப்பு

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. பின்பாதத்தில் 7, நடுப்பாதத்தில் 5, விரல்களில் 14. இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52. நம் உடலின் 206 எலும்புகளில் ஏறத்தாழக் கால் பங்கு இவ்விரண்டு பாதங்களிலேயே அடங்கிவிடுகிறது. இவற்றைத் தசைநார்கள் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் இழுத்துக் கட்டியிருக்கின்றன. பாதத்தின் உட்புறம் பாலத்தின் வளைவுபோல் உயர்ந்திருக்கிறது. நாம் ஓடும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை இவ்வளைவு தாங்கிக்கொள்கிறது. கீழ்க்காலின் இரு எலும்புகளும் பாதத்தின் மேல் எலும்பும் சேருமிடமே கணுக்கால். உடலிலேயே தடித்த நாண் குதிகாலுக்கு மேலே, கைக்கு அகப்படும்படி இருக்கிறதே, அதுதான்.

விளையாட்டுத் திடலில் சுளுக்கு

எறிபந்தோ கபடியோ விளையாடும்போது பாதம் உட்பக்கமாக மடங்கிக் கணுக்கால் பிசகுவது சாதாரணமாக நேர்வது. வெளிக்கணுவின் தசைநார் அளவுக்கு மேல் இழுபட்டோ கிழிந்தோ போவதால் வீக்கமும் வலியும் உண்டாகின்றன.

உடனே செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு தருதல். இரண்டாவது, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 அல்லது 20 நிமிடம் வைத்தல். ஐஸ் கிடைக்காத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியும் உதவும். மூன்றாவது, கிரேப் பாண்டேஜைக் கொண்டு மிதமான இறுக்கத்துடன் கட்டுதல். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். நான்காவது, காலைத் தலையணைகளின் மேல் நெஞ்சைவிட உயரமாக வைத்தல். 1978-இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் இந்நான்கையும் ஒரு முறையாக்கிப் பரப்பினார். ஐஸ் வலியைத் தணிக்குமே தவிர, குணமாவதை விரைவுபடுத்தாது என்று பின்னாளில் அவரே எழுதினார். ஆகையால் முதல் ஓரிரு நாட்களுக்கு, வலிக்கு மட்டும் ஐஸ் வைத்தால் போதும்.

செய்யக் கூடாதவை எவை? சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோய்க் காலை இழுப்பதும், எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பதும், வெந்நீர் ஊற்றுவதும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஆகவே ஆகாது. உள்ளே எலும்பு முறிந்திருந்தால் இழுப்பதால் அது விலகிவிடும்.

முறிவா, சுளுக்கா என்று ஐயுறுவோருக்குக் கனடா நாட்டு ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் எளிய விதிகளை வகுத்துத் தந்தார்கள். உட்கணு அல்லது வெளிக்கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? சிறுவிரலுக்கு நேராகப் பாதத்தின் வெளியோர நடுவில் உள்ள எலும்பு முனையிலோ, வளைவின் உச்சியிலுள்ள எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்டவுடனும், பிறகு மருத்துவமனையிலும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தகடு தசைநாரைவிட மென்மையானது. ஆதலால் சிறு வகுப்பு மாணவியின் கணு எலும்பின் மேலேயே வலி இருந்தால், வீக்கம் குறைவு என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

வலி குறையத் தொடங்கியதும் காலை அசைக்க வேண்டும். வாரக்கணக்கில் படுத்திருப்பதால் தசை வலுவிழக்கும். நாற்காலியில் அமர்ந்து, காலைத் தூக்கி, பெருவிரலால் 'அ' முதல் 'ஔ' வரை காற்றில் எழுதுங்கள். பிறகு சுவர் அருகே ஒற்றைக் காலில் 30 விநாடி நின்று பழகுங்கள். இப்பயிற்சியைச் செய்யாமல் மீண்டும் திடலில் இறங்குபவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது.

குதிகால் வலி

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தவுடன் குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலி. பத்து அடி நடந்தால் குறைகிறது. நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மீண்டும் வலி. இதைக் குதிவாதம் என்று நம் ஊரில் சொல்வார்கள். குதிகாலிலிருந்து விரல்கள் வரை வில்லின் நாண்போல் ஓடும் தடித்த பட்டை நைந்துபோவதே இதன் காரணம். நாள் முழுவதும் நின்று பாடம் நடத்தும் ஆசிரியைகளும், சமையலறைக் கல் தரையில் வெறுங்காலோடு நிற்கும் நம் அன்னையரும் இதற்கு எளிதில் ஆளாகிறார்கள்.

படுக்கையிலிருந்து எழுமுன் கால் விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து விநாடி வைத்திருந்து விட வேண்டும். இவ்வாறு பத்து முறை. பிறகு சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, அதன் குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி முன்னே சாய வேண்டும். மாலையில் குளிர்ந்த நீர் நிறைந்த பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டலாம். வீட்டினுள்ளும் மெத்தென்ற செருப்பு அணிய வேண்டும். எக்ஸ்ரேயில் 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்று கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு. பொறுமையாகப் பயிற்சி செய்வோரில் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இன்றியே குணமாகிவிடுகிறது.

எட்டு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட ஓட்டக்காரச் சிறுமிகளுக்கு வரும் குதிகால் வலி வேறு. குதி எலும்பின் வளர்ச்சித் தகட்டை நாண் ஓயாமல் இழுப்பதால் வருவது. சீவர் என்ற மருத்துவர் 1912-இல் இதை விவரித்து எழுதினார். குதிகாலை இருபுறமும் விரல்களால் அழுத்தினால் வலிக்கும். சில வாரங்கள் ஓட்டத்தைக் குறைத்து, காலணியில் குதிகாலுக்கு மெத்தை வைத்தால் தணியும். எலும்பு முதிர்ந்ததும் தானே மறையும். "பாசாங்கு செய்கிறாள்" என்று இச்சிறுமிகளை வைய வேண்டாம் எனப் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

தோலும் நகமும்

பித்த வெடிப்பு: பெயரில் பித்தம் இருந்தாலும் பித்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வறண்ட தடித்த தோல், உடலின் பாரத்தைத் தாங்காமல் வெடிக்கிறது. இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊற வைத்து, சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, துடைத்து, வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்குங்கள். இரத்தம் கசியும் ஆழ்ந்த வெடிப்புக்கு மருத்துவம் தேவை.

சேற்றுப்புண்: ஒரு மழைநாளில் ஆறாம் வகுப்புத் தங்கைகளின் காலுறைகளைக் கழற்றச் சொல்லிப் பார்த்தோம். விரலிடுக்குகள் வெளுத்து, ஊறி, அரிப்பெடுத்த பாதங்கள் பல. இது பூஞ்சையால் வருவது. பூஞ்சைக்கு ஈரமே உணவும் உறைவிடமும் ஆகும். பாட்டிமார் மஞ்சளும் மருதாணியும் அரைத்துப் பூசுவர். எதைப் பூசினாலும் ஈரம் போகாவிட்டால் புண் போகாது. கழுவியபின் ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியே துடையுங்கள். நனைந்த ஷூவினுள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். இரவில் அது ஈரத்தை உறிஞ்சிவிடும். குளோட்ரிமசோல் களிம்பை நாளுக்கு இரு முறை பூச வேண்டும். அரிப்பு நின்றவுடன் நிறுத்திவிடாமல் மேலும் சில நாட்கள் தொடர வேண்டும். கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். அதனால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ பரவும்.

கால் ஆணியும் மருவும்: இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. பக்கவாட்டில் பிதுக்கினால் வலிப்பது மரு. மருவில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். ஆணி இறுக்கமான காலணியின் பிள்ளை. காலணியை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் மீண்டும் வரும். மருவோ கிருமியால் வருவது. இரண்டையும் பிளேடால் சீவுவது மிகவும் தவறு.

நகம் சதைக்குள் புதைதல்: நகத்தின் ஓரங்களைப் பிறை நிலாப்போல் வளைத்து ஒட்ட வெட்டுவதால் வருவது. கால் நகத்தை நேராக வெட்டுங்கள். சிவந்து வலித்தால் வெதுவெதுப்பான உப்பு நீரில் ஊற வையுங்கள். சீழ் கோத்தால் நீங்களே தோண்டாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தட்டைப் பாதம்: ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நின்றால் பாதம் முழுவதும் பதிகிறதே என்று சில அன்னையர் கலங்குகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு அது இயல்பே. பெரிய பெண்ணாயின், நுனிவிரல்களில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது வளைவு எழும்புமானால், வலியும் இல்லையானால், மருத்துவம் ஏதும் தேவையில்லை.

காலணியைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு சொல். "வளரும் பிள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் கால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் எழும். "இன்னும் கிழியவில்லையே" என்று சென்ற ஆண்டு ஷூவையே போடச் சொன்னால் விரல்கள் மடங்கும். மிக நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடமிருக்கட்டும். பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், இரு கால்களிலும் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வலிக்காத புண்

இதுவரை சொன்னவை எல்லாம் வலிப்பவை. வலிப்பதால் நாம் அவற்றைக் கவனிக்கிறோம். வலிக்காத ஒன்றைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எங்கள் மன்றத்துத் தோழி ஒருத்தியின் பாட்டிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பேத்தி பத்தாம் வகுப்பில் நன்கு தேற வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, காவி உடுத்தி, வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடந்தார். பேத்தியும் தேறினாள். திரும்பி வந்த பாட்டி ஒரு நாளும் "கால் வலிக்கிறது" என்று சொல்லவில்லை. அறையில் ஏதோ நாறுகிறதே என்று சில நாட்கள் கழித்துத் தேடியபோதுதான், பாதத்தின் அடியில் கல் துண்டு ஒன்று புதைந்து, சுற்றிலும் சதை கறுத்திருந்ததைக் கண்டார்கள். மருத்துவர்கள் இரு விரல்களை எடுத்துப் பாதத்தைக் காப்பாற்றினார்கள். "பாட்டி எனக்காக நடந்தார்கள், நானோ ஒரு நாள்கூட அந்தக் காலைப் பார்க்கவில்லை" என்று தோழி எங்களிடம் சொல்லி அழுதாள். மற்ற வீடுகளில் இப்படி நேரக் கூடாது என்பதற்காக எழுதும்படி அவளே எங்களைக் கேட்டுக்கொண்டாள்.

வலி ஏன் தெரியவில்லை? பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரை, பாதத்தின் நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. இரத்தக் குழாய்களும் குறுகுவதால் புண் எளிதில் ஆறுவதில்லை. இதைத் தமிழ்நாட்டில் இருந்தபடியே உலகுக்கு உணர்த்தியவர் ஒருவர் உண்டு. 1914-இல் கொல்லிமலையில் மறைபோதகப் பெற்றோருக்குப் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக உதிர்வதாக அந்நாளில் பலரும் எண்ணினர். வலி உணர்வு போனதால், சுடுவதும் குத்துவதும் தெரியாமல் அவர்கள் அன்றாடம் காயப்படுவதே காரணம் என்று அவர் கண்டறிந்தார். வேலூரிலும் கரிகிரியிலும் உணர்வற்ற பாதங்களுக்கென்று மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகளை அவரும் உடன்பணியாளரும் உருவாக்கினர். எம்.சி.ஆர். செருப்பு என்று மருத்துவமனைகளில் இன்றும் வழங்குவது அதுவே. 1966-இல் அமெரிக்கா சென்றபின், அதே அறிவு அங்கே சர்க்கரை நோயாளரின் பாதங்களுக்கும் பயன்பட்டது. வலி என்பது இறைவன் தந்த கொடை என்று 2003-இல் மறையும்வரை அவர் சொல்லியும் எழுதியும் வந்தார்.

சர்க்கரை நோயாளர் வீட்டில் இவ்வறிகுறிகளைக் கவனியுங்கள்: பாதம் மரத்தல், எரிதல், எறும்பு ஊர்வதுபோல் இருத்தல், செருப்பு கழன்று விழுந்ததும் தெரியாமல் நடந்து போதல், தோல் நிறம் மாறுதல், பாதம் சில்லிட்டிருத்தல், காரணமின்றிப் பாதம் சிவந்து, சூடாகி, வீங்குதல். கடைசியாகச் சொன்னது, வலியே இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டிய அவசரம். சிறு புண்ணாயினும் அப்படியே. ஆண்டுக்கு ஒரு முறையேனும், நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையைப் பாதங்களுக்குச் செய்யும்படி மருத்துவமனையில் கேளுங்கள்.

இவர்கள் வெறுங்காலோடு நடக்கலாகாது, வீட்டினுள்ளும் கூடாது. பின்பட்டை உள்ள மெத்தென்ற செருப்பு அணிய வேண்டும். அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ முள்ளோ உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். இவர்கள் பாதத்தை வெந்நீரில் ஊற வைத்தல், ஆணிக்குப் பிளேடு, ஆணி எடுக்கும் மருந்துப் பிளாஸ்டர் ஆகிய எதுவும் ஆகாது. கழுவும் நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் கண்டால் யாராயினும் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தொழுநோய்க்கு அங்கே மருந்து இலவசம், முற்றிலும் குணமாகும்.

பாதயாத்திரை செல்வோர் நன்கு பழகிய காலணியையே அணியட்டும். கொப்புளம் எழுந்தால் தோலைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். சர்க்கரை நோயுள்ளோர் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்திருந்தால் பங்குக் குருவிடம் சொல்லி அதை வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். ஆரோக்கிய அன்னை என்று நாம் அழைக்கும் தாய், தம் பிள்ளைகளின் பாதங்கள் அழுகுவதை விரும்புவாரா?

இரவில் ஐந்து நிமிடம்

உறங்குமுன் பாதங்களைக் கழுவுதல், விரலிடுக்கைத் துடைத்தல், விளக்கு வெளிச்சத்தில் அடிப்பாதத்தையும் குதிகாலையும் பார்த்தல், விரலிடுக்கைத் தவிர்த்து எண்ணெய் தடவுதல்: இந்நான்குக்கும் ஐந்து நிமிடம் போதும். குனிய முடியாத முதியோருக்கும் கண் மங்கிய முதியோருக்கும் அந்த ஐந்து நிமிடத்தை வேறொருவர்தாம் தர வேண்டும்.

மாணவிகளே, அந்த வேறொருவர் நீங்களாக இருங்கள். இன்றிரவு செபமாலை முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் நீரும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு உங்கள் பாட்டியின் முன் அமருங்கள். "உன்னைப் போய் என் காலைத் தொடவிடுவேனா!" என்று பாட்டி மறுப்பார்கள். இராயப்பரும் முதலில் அப்படித்தான் மறுத்தார். நீங்கள் விடாதீர்கள். எங்கள் தோழி இப்போது ஒவ்வோர் இரவும் தன் பாட்டியின் எட்டு விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் உறங்கச் செல்கிறாள்.